மாரடைப்புக்குப் பிறகு பீட்டா பிளாக்கர் வேண்டுமா? ஒரே மேடையில் இரண்டு பதில்கள் வந்தது எப்படி

2025 ஆகஸ்ட் கடைசியில் மாட்ரிட்டில் நடந்த ஐரோப்பிய இதயவியல் மாநாட்டில் இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் அறிவிக்கப்பட்டன. இரண்டும் கேட்ட கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: மாரடைப்பு வந்தும் இதயம் பெரிதாகப் பலவீனமடையாமல் தப்பியவர்களுக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை தேவையா? ஸ்பெயினிலும் இத்தாலியிலும் நடந்த ரீபூட் ஆய்வு, பலன் இல்லை என்றது. நார்வேயிலும் டென்மார்க்கிலும் நடந்த பீட்டாமி-டான்பிளாக் ஆய்வு, பலன் உண்டு என்றது. இரண்டையும் வெளியிட்டது ஒரே மருத்துவ இதழ், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்.

உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் இந்த வகை மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு செய்தியைப் படித்தவர் மாத்திரை வீண் என்று நினைத்திருப்பார், இன்னொன்றைப் படித்தவர் தொடர வேண்டும் என்று நினைத்திருப்பார். இரண்டையும் படித்தவருக்கு மருத்துவ ஆராய்ச்சியின் மேலேயே நம்பிக்கை போயிருக்கலாம்.

அப்படிப் போக வேண்டியதில்லை. இரண்டு ஆய்வுகளுமே ஒழுங்காக நடந்தவை. யாரைச் சேர்த்தார்கள், எதை எண்ணினார்கள், எண்களின் விளிம்பு எதுவரை போகிறது என்று பிரித்துப் பார்த்தால் முரண்பாட்டின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. இதயநோய் பற்றி வரும் எந்தப் புதிய ஆய்வையும் அளந்து பார்க்க இதே கேள்விகள் உதவும். அதனால் இந்த ஒரு விவகாரத்தையே அடியிலிருந்து பார்ப்போம்.

மாத்திரை என்ன செய்கிறது, ஏன் கொடுக்கத் தொடங்கினார்கள்

அட்ரினலின் போன்ற சுரப்புகள் இதயத்தை வேகமாகவும் பலமாகவும் துடிக்கவைக்கின்றன. அந்தத் தூண்டுதல் இதயத் தசையில் போய்ச் சேரும் இடங்களை அடைப்பவைதான் பீட்டா பிளாக்கர்கள். துடிப்பு குறையும், ரத்த அழுத்தம் குறையும், இதயத்துக்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் குறையும். 1960களில் ப்ரோப்ரனோலாலை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். இன்று மருந்துச் சீட்டில் மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், அட்டெனோலால், கார்வெடிலால் என்ற பெயர்களைப் பார்க்கலாம்.

மாரடைப்பு வந்தவர்களுக்கு இது உயிர் காக்கும் என்பதற்கு 1980களின் தொடக்கத்தில் நல்ல ஆதாரம் கிடைத்தது. அமெரிக்காவில் 3,837 பேரிடம் நடந்த ஆய்வில், ப்ரோப்ரனோலால் சாப்பிட்டவர்களில் 7.2 சதவீதத்தினர் இறந்தார்கள், மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 9.8 சதவீதத்தினர். சராசரியாகச் சுமார் இரண்டு ஆண்டுகளில் தெரிந்த வித்தியாசம் இது. 1986இல் 16,000 பேருக்கு மேல் சேர்க்கப்பட்ட ஐசிஸ்-1 ஆய்வும் அட்டெனோலாலுக்குச் சாதகமாகவே வந்தது.

அந்த ஆதாரத்தை யாரும் பொய் என்று நிரூபிக்கவில்லை. மாறியது மாரடைப்புச் சிகிச்சை. 1980களின் தொடக்கத்தில் மாரடைப்பு வந்தால் அடைத்த ரத்தக்குழாய் பெரும்பாலும் அடைத்தபடியே இருக்கும். இதயத் தசையின் ஒரு பகுதி செத்துத் தழும்பாகும். அந்தத் தழும்பைச் சுற்றி மின்னோட்டம் தாறுமாறாகச் சுழன்று திடீர் மரணம் வரும். பீட்டா பிளாக்கர் முக்கியமாகத் தடுத்தது அதைத்தான்.

இன்றைக்குக் குழாயைச் சில மணி நேரத்தில் திறந்து ஸ்டென்ட் வைக்கிறார்கள். ஆஸ்பிரினும் அதோடு சேர்த்துக் கொடுக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் உண்டு. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் உண்டு. 1994இல் வெளியான 4எஸ் ஆய்வில், ஸ்டேட்டின் கொடுத்த குழுவில் 8 சதவீதத்தினரும் கொடுக்காத குழுவில் 12 சதவீதத்தினரும் இறந்ததாகத் தெரிந்த பிறகு அது சிகிச்சையின் நிரந்தர அங்கமானது. ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை, முன்பு கண்ணில் படாமலே போயிருக்கக்கூடிய சிறிய மாரடைப்புகளையும் காட்டிக்கொடுக்கிறது. பெயர் அதே மாரடைப்புதான் என்றாலும், இன்று அந்தப் பெயரோடு வீடு திரும்புகிறவரின் இதயம் நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய நோயாளியின் இதயம் போல இருப்பதில்லை.

ஆகவே பழைய விடையை இன்றைய நோயாளிகளிடம் மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது. 2024இல் வந்த ரெட்யூஸ்-ஏஎம்ஐ முதலில் பதில் சொன்னது. பெரும்பாலும் ஸ்வீடனைச் சேர்ந்த 5,020 பேரைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து, மரணத்தையும் மறு மாரடைப்பையும் சேர்த்து எண்ணினார்கள். மாத்திரை எடுத்தவர்களில் 7.9 சதவீதம், எடுக்காதவர்களில் 8.3 சதவீதம். பலன் என்று சொல்ல முடியாத அளவு சின்ன வித்தியாசம். மாட்ரிட் முடிவுகள் இதற்கு அடுத்த ஆண்டு வந்தவை.

யாரைச் சேர்த்தார்கள்: ஈ.எஃப். என்ற எண்

எக்கோ ரிப்போர்ட்டில் ஈ.எஃப். என்று ஒரு எண் இருக்கும். எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் என்பதன் சுருக்கம். இதயத்தின் இடது கீழறை நிரம்பியிருக்கும்போது உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதே அது. 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பம்ப் செய்யும் திறன் சரியாக இருக்கிறது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். 40க்குக் கீழே என்றால் இதயம் தெளிவாகப் பலவீனமடைந்திருக்கிறது. இந்தக் கடைசிக் குழுவுக்கு பீட்டா பிளாக்கர் தேவை என்பதில் சர்ச்சையே கிடையாது. மாட்ரிட் செய்திகள் அவர்களைப் பற்றியவையே அல்ல. பல தலைப்புச் செய்திகள் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமாக இருந்தது. இதயம் பலவீனமானவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால் விளைவு மோசமாக இருக்கும்.

ரெட்யூஸ்-ஏஎம்ஐ ஆய்வில் ஈ.எஃப். 50 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள் மட்டுமே இருந்தார்கள். ரீபூட், பீட்டாமி-டான்பிளாக் இரண்டிலும் 40க்கும் 50க்கும் இடைப்பட்டவர்களும் கலந்திருந்தார்கள். இந்த இடைப்பட்ட குழுவைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கும்.

எப்படிப் பிரித்தார்கள்: குலுக்கல் ஏன் முக்கியம்

மூன்று ஆய்வுகளுமே குலுக்கல் முறையில் நடந்தவை. யாருக்கு மாத்திரை, யாருக்கு இல்லை என்பதை மருத்துவரோ நோயாளியோ முடிவு செய்யவில்லை, கணினி முடிவு செய்தது. வயது, சர்க்கரை நோய், புகைப்பழக்கம், அளக்கவே முடியாத பல குணங்கள் எல்லாம் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பரவிவிடும். பிறகு வரும் வித்தியாசத்துக்கு மாத்திரையைக் காரணம் சொல்லலாம்.

குலுக்கல் இல்லாத ஆய்வுகளைக் கண்காணிப்பு ஆய்வுகள் என்கிறோம். மக்கள் தாங்களாகவே எப்படி வாழ்கிறார்களோ அதைப் பதிவுசெய்து பின்தொடர்வார்கள். 2024 மார்ச்சில் சிகாகோவில் அமெரிக்க இதயச் சங்கம் நடத்திய மாநாட்டில் இப்படி ஒரு ஆய்வு பேசப்பட்டது. ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிப்பவர்களுக்கு இதயநோயால் இறக்கும் அபாயம் 91 சதவீதம் அதிகம் என்ற செய்தி உலகைச் சுற்றியது. அவர்களின் உணவு நேரம் எப்படித் தெரிந்தது? இரண்டு நாள்களில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு வாங்கிய பதிலிலிருந்து. அந்த இரண்டு நாள் தகவலை வைத்துப் பல ஆண்டுகளுக்குப் பிந்தைய மரணத்தை இணைத்தார்கள். குறைந்த நேரத்துக்குள் சாப்பிட்டவர் விரதம் இருந்தாரா, பசியே இல்லாத நோயாளியா, இரண்டு வேலை பார்த்து நேரமில்லாதவரா என்று அதிலிருந்து சொல்ல முடியாது. மாநாட்டுச் சுருக்கமாக மட்டுமே இருந்த நிலையிலேயே அந்த 91 என்ற எண் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது.

கண்காணிப்பு ஆய்வு வீணானது அல்ல. புகை பிடிப்பது இதயத்தைக் கெடுக்கும் என்பது அப்படித்தான் தெரிந்தது. ஆனால் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று அதே வகை ஆய்வுகள்தான் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தன. 2002இல் 16,608 பெண்களிடம் நடந்த குலுக்கல் ஆய்வு, பாதுகாப்பு எதுவும் இல்லை, தீங்குதான் கூடுகிறது என்று கண்டு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

எதை எண்ணினார்கள்

இதயவியலில் மிகக் கசப்பான பாடம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 1980களில் மருத்துவர்களுக்கு ஒரு விஷயம் உறுதியாகத் தெரிந்திருந்தது: மாரடைப்புக்குப் பிறகு இதயம் இடையிடையே கூடுதலாகத் துடித்தால், அந்த நோயாளி இறக்கும் வாய்ப்பு அதிகம். கூடுதல் துடிப்புகளை அடக்கும் மருந்துகளும் வந்தன. ஃப்ளெகெய்னைட், என்கெய்னைட் இரண்டும் அவற்றைப் பிரமாதமாக அடக்கின. துடிப்பு சீரானால் மரணமும் குறையும் என்று நம்பிக் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கையில் குறை சொல்லவும் ஒன்றும் தெரியவில்லை.

அமெரிக்காவில் காஸ்ட் என்ற ஆய்வு அதைச் சோதித்தது. மருந்து யாருக்குத் துடிப்பை நன்றாக அடக்கியதோ அவர்களை மட்டுமே ஆய்வில் சேர்த்தார்கள். அதாவது மருந்து ‘வேலை செய்த’ நோயாளிகள். சராசரியாகப் பத்து மாதங்கள். அந்த மருந்துகளில் ஒன்றை எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். போலி மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். 1989இல் அந்த மருந்துகளை ஆய்விலிருந்து நிறுத்தினார்கள். ஈ.சி.ஜி. தாள் அழகாக இருந்தது, நோயாளி இறந்துபோனார். அதற்கு முன் எத்தனை பேருக்கு நல்லெண்ணத்தோடு இந்த மருந்துகள் கொடுக்கப்பட்டிருக்கும் என்று நினைத்தால், போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம் என்று இனி யாரும் சொல்ல மாட்டார்கள்.

கூடுதல் துடிப்பு, கொழுப்பு அளவு, ரத்த அழுத்தம் போன்றவற்றை இடைநிலை அளவுகள் என்று சொல்லலாம். நோயாளிக்கு உண்மையில் வேண்டியது உயிரோடு இருப்பதும், மறுபடி மாரடைப்பு வராமல் இருப்பதும். இடைநிலை அளவு நல்ல பக்கம் நகர்ந்தால் இதுவும் நகரும் என்பது பலமுறை உண்மையாகியிருக்கிறது, சிலமுறை பயங்கரமாகப் பொய்த்திருக்கிறது. டோர்செட்ராபிப் என்ற மருந்து ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்.டி.எல். அளவை 72 சதவீதம் கூட்டியது, ‘கெட்ட கொழுப்பு’ எல்.டி.எல். அளவை 25 சதவீதம் குறைத்தது. சுமார் 15,000 பேரிடம் நடந்த ஆய்வில் மருந்து எடுத்த பக்கம் 93 பேரும், எடுக்காத பக்கம் 59 பேரும் இறந்ததால் 2006 டிசம்பரில் எல்லாம் நிறுத்தப்பட்டது.

சரி, ரீபூட்டும் பீட்டாமி-டான்பிளாக்கும் இடைநிலை அளவை எண்ணவில்லை. உண்மையான நிகழ்வுகளைத்தான் எண்ணின. ஆனால் ஒரே நிகழ்வுகளை அல்ல. மரணம் மட்டும் என்றால் எண்ணிக்கை குறைவாக இருக்கும், விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் பல நிகழ்வுகளை ஒரு கட்டாகச் சேர்த்து, அதில் எது முதலில் வந்தாலும் ஒன்று என்று கணக்கு வைப்பார்கள்.

1. ரீபூட்டின் கட்டில் மூன்று: மரணம், மறு மாரடைப்பு, இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்தல்.
2. பீட்டாமி-டான்பிளாக்கின் கட்டில் இன்னும் அதிகம்: மரணம், மறு மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம், திட்டமிடாமல் மறுபடி குழாயைத் திறக்க வேண்டி வருதல், உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு.

இரண்டாவது ஆய்வில் மொத்தக் கட்டு, மாத்திரை எடுத்தவர்களில் 14.2 சதவீதம், எடுக்காதவர்களில் 16.3 சதவீதம் என்று பிரிந்தது. ஆனால் மரணத்தை மட்டும் தனியாக எடுத்தால் 4.2, 4.4. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். பலன் பெரும்பாலும் மறு மாரடைப்பிலிருந்து வந்தது: 5.0 சதவீதம், 6.7 சதவீதம். ‘பலன் உண்டு’ என்ற தலைப்பைப் படித்தவர் உயிர் காக்கும் என்று புரிந்துகொண்டிருந்தால், அது ஆய்வு சொல்லாத செய்தி.

மாத்திரை எடுப்பது தெரிந்தால் என்ன ஆகும்

இந்த மூன்று ஆய்வுகளிலும் போலி மாத்திரை இல்லை. எடுப்பவருக்கும் தெரியும், எடுக்காதவருக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். மரணத்தை எண்ணும்போது இதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் நெஞ்சு லேசாக வலிக்கிறது என்று ஒருவர் மருத்துவமனைக்குப் போவதும், மருத்துவர் மறுபடி ஆஞ்சியோ பார்க்கலாம் என்று முடிவு செய்வதும் மனத்தைச் சார்ந்தவை. ‘எனக்கு மாத்திரை கொடுக்கவில்லை’ என்ற எண்ணமே ஒருவரைச் சீக்கிரம் மருத்துவமனைக்குப் போகவைக்கலாம்.

இந்த எண்ணத்தின் பலம் எவ்வளவு என்பதை 2017இல் லண்டனிலிருந்து வந்த ஆர்பிட்டா ஆய்வு காட்டியது. அடைப்பினால் நெஞ்சுவலி வரும் 200 பேர். பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், மீதிப் பேருக்கு கதீட்டர் என்ற மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள் செலுத்திவிட்டு ஸ்டென்ட் வைக்காமலே முடித்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆறு வாரம் கழித்து நடைப் பரிசோதனையில், எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தார்கள் என்பதில் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அவர்கள் ஏற்கனவே நிறைய நெஞ்சுவலி மாத்திரைகள் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் என்பதும் ஒரு காரணம். அதே குழு 2023இல் அந்த மாத்திரைகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் மறுபடி செய்தபோது ஸ்டென்ட் வலியைக் குறைத்தது தெளிவாகத் தெரிந்தது. யாரோடு, எந்த நிலையில் ஒப்பிடுகிறோம் என்பதை வைத்தே விடை மாறுகிறது. இது மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அவசரமாக வைக்கும் ஸ்டென்ட் பற்றியது அல்ல. அங்கே ஸ்டென்ட் உயிர் காக்கிறது.

எண்களின் விளிம்பு

ஆய்வு முடிவை ஒரே எண்ணாகச் சொல்வது வழக்கம். பீட்டாமி-டான்பிளாக்கில் அது 0.85. மாத்திரை எடுக்காத பக்கம் 100 நிகழ்வு நடக்கும் வேகத்தில், எடுத்த பக்கம் 85 நடந்தது என்று தோராயமாகப் புரிந்துகொள்ளலாம். ரீபூட்டில் 1.04. அதாவது எடுத்த பக்கம் ஒரு துளி அதிகம்.

ஒன்று 15 சதவீதம் குறைவு, இன்னொன்று 4 சதவீதம் அதிகம் என்றால் எதிரெதிராகத்தானே இருக்கிறது? இல்லை. ஒவ்வொரு எண்ணும் ஒரு வரம்போடு வருகிறது. அதே ஆய்வை வேறு நோயாளிகளிடம் திரும்பச் செய்தால் விடை கொஞ்சம் முன்பின்னாக வரும், அந்த நிச்சயமின்மையின் அளவுதான் வரம்பு. பீட்டாமி-டான்பிளாக்கின் வரம்பு 0.75 முதல் 0.98 வரை. ரீபூட்டின் வரம்பு 0.89 முதல் 1.22 வரை. 0.89க்கும் 0.98க்கும் இடையில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. உண்மையான விளைவு, சொல்லப்போனால், 5 சதவீதக் குறைவு என்று வைத்துக்கொண்டால் இரண்டு ஆய்வுகளுமே அதோடு ஒத்துப்போகின்றன. வரம்பு 1 என்ற எண்ணைத் தொடாமல் நின்றதால் ஒன்றுக்கு ‘வெற்றி’ என்ற பெயர், தாண்டியதால் மற்றதற்குத் ‘தோல்வி’. தலைப்புச் செய்தியில் இந்த வரம்பு வருவதே இல்லை. ஒரு ஆய்வைப் படிக்க ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்றால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

அப்புறம் சதவீதத்தின் சதவீதம் என்ற குழப்பம். 2023இல், உடல் எடையைக் குறைக்கும் செமாக்ளூடைட் ஊசி பற்றிய செலெக்ட் ஆய்வு வந்தது. உடல் எடை அதிகமாகவும் இதயநோயோடும் இருந்த, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேர். மரணம், மாரடைப்பு, பக்கவாத அபாயம் 20 சதவீதம் குறைந்தது என்று செய்தி. அது உண்மை. 8.0 சதவீதம் 6.5 சதவீதமாகக் குறைந்தது, அதுவும் உண்மை. இரண்டாவது முறையில் பார்த்தால், மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல் சுமார் 67 பேர் ஊசி போட்டுக்கொண்டால் ஒருவருக்கு அந்த நிகழ்வு தவிர்க்கப்படுகிறது. இதயவியலில் இது நல்ல பலன்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 20 என்ற எண்ணைக் கேட்பவர் ஐந்தில் ஒருவர் காப்பாற்றப்படுவதாக நினைத்துக்கொள்கிறார்.

பலனைப் போலவே தீங்கையும் இப்படி எண்ணிப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ள, இதுவரை இதயநோய் வராத 15,480 பேரிடம் ஆஸ்பிரினைச் சோதித்த அசெண்ட் ஆய்வில் (2018) மாரடைப்பு போன்ற நிகழ்வுகள் 9.6 சதவீதத்திலிருந்து 8.5 ஆகக் குறைந்தன, பெரிய ரத்தக்கசிவு 3.2இலிருந்து 4.1 ஆகக் கூடியது. கிடைத்ததும் இழந்ததும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதே ஆண்டு, பெரும்பாலும் 70 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வில் பலனே தெரியவில்லை, ரத்தக்கசிவு மட்டும் கூடியது. மாரடைப்பு ஏற்கனவே வந்தவருக்கு ஆஸ்பிரின் காப்பு. இதயநோயே வராத முதியவர் தாமாகவே தினமும் விழுங்கத் தொடங்கினால் கணக்கு வேறு.

உள்குழுக்கள்: ராசியும் ஆஸ்பிரினும்

ரீபூட் வந்ததுமே இன்னொரு செய்தியும் பரவியது: பீட்டா பிளாக்கர் பெண்களுக்குத் தீங்கு. ஆய்வில் இருந்த சுமார் 1,600 பெண்களை மட்டும் தனியே பார்த்தபோது, மாத்திரை எடுத்தவர்களில் நிகழ்வுகள் அதிகமாக இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு ஆய்வை இப்படி வெட்டிப் பார்ப்பதில் ஒரு ஆபத்து உண்டு.

அதை மறக்க முடியாதபடி விளக்கியவர்கள் ஐசிஸ்-2 ஆய்வாளர்கள். 1988இல் 17,187 மாரடைப்பு நோயாளிகளிடம் ஆஸ்பிரின் ஐந்து வாரத்தில் இதயநோய் மரணத்தை 23 சதவீதம் குறைத்ததாக நிறுவிய ஆய்வு அது. உள்குழுக்களையும் தனித்தனியே காட்டுங்கள் என்ற வற்புறுத்தல் வந்தபோது, பிறந்த ராசிப்படி பிரித்த கணக்கையும் சேர்த்து வெளியிட்டார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் உதவவில்லை, கொஞ்சம் கெடுதல் செய்தது போலக்கூடத் தெரிந்தது. ராசிக்கும் ஆஸ்பிரினுக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் நம்ப மாட்டார்கள். வெட்டும் துண்டுகள் கூடக்கூட ஏதாவது ஒரு துண்டு தற்செயலாகத் தலைகீழாக நிற்கும் என்பதுதான் விஷயம்.

பெண்களின் உடலில் மருந்து வேறு மாதிரி வேலை செய்யக்கூடும், அதைச் சிரத்தையோடு ஆராய வேண்டும். இதய ஆய்வுகளில் பெண்கள் இன்னமும் குறைவாகவே சேர்க்கப்படுகிறார்கள் என்பது நியாயமான கோபம். அதற்காக ஒரு ஆய்வின் ஒரு துண்டை வைத்து மாத்திரையை நிறுத்தச் சொல்ல முடியாது. அது அடுத்த ஆய்வுக்கான கேள்வி.

துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது

பல ஆய்வுகளின் நோயாளிகளை ஒவ்வொருவராக ஒரே பட்டியலில் கொண்டுவந்து மறுபடி கணக்கிடுவதைத் தொகுப்பாய்வு என்கிறார்கள். இறுதி முடிவுகளை மட்டும் கூட்டுவதைவிட இது பலமானது, ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே வரையறையில், ஒரே நிகழ்வுகளை எண்ணலாம். பீட்டா பிளாக்கர் ஆய்வாளர்கள் போட்டிபோடாமல் தரவுகளைச் சேர்த்துக்கொண்டது பாராட்டத்தக்க விஷயம். முடிவுகள் இப்படி வந்தன:

1. ஈ.எஃப். 40 முதல் 49 வரை உள்ளவர்கள். நான்கு ஆய்வுகளிலிருந்து 1,885 பேர். மரணம், மறு மாரடைப்பு, இதயச் செயலிழப்பு மூன்றும் சேர்ந்து மாத்திரை எடுத்தவர்களில் 10.7 சதவீதம், எடுக்காதவர்களில் 14.4 சதவீதம். பலன் தெரிந்தது.
2. ஈ.எஃப். 50 அல்லது அதற்கு மேல். ஐந்து ஆய்வுகளிலிருந்து 17,801 பேர். 8.1 சதவீதம், 8.3 சதவீதம். பலன் தெரியவில்லை. இது 2025 நவம்பரில் வந்தது.

‘பீட்டா பிளாக்கர் வேண்டுமா’ என்ற கேள்வி ‘உங்கள் ஈ.எஃப். எவ்வளவு’ என்ற கேள்வியாக மாறிவிட்டது. ஒரு மாத்திரை நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு, யாருக்கு என்று கேட்கத் தொடங்கும்போதுதான் இதயவியல் முன்னே நகர்ந்திருக்கிறது.

‘பலன் இல்லை’ என்ற முடிவுகள் ஏன் கூடுகின்றன

அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் பணம் கொடுத்த பெரிய ஆய்வுகளை 2015இல் சிலர் எடுத்துப் பார்த்தார்கள். 2000க்கு முன் வெளியான 30இல் 17 ஆய்வுகள் பலன் காட்டின. அதற்குப் பின் வெளியான 25இல் 2 மட்டுமே. இடையில் நடந்த முக்கியமான மாற்றம், ஆய்வு தொடங்கும் முன்பே எதை எண்ணப்போகிறோம் என்று பொதுவில் பதிவுசெய்யும் வழக்கம். 2000இல் அமெரிக்காவின் பொதுப் பதிவேடு திறந்தது. 2005 முதல், முன்பதிவு இல்லாத ஆய்வை முன்னணி இதழ்கள் ஏற்பதில்லை. பத்து விஷயங்களை அளந்துவிட்டு நன்றாக வந்த ஒன்றை மட்டும் காட்டும் வசதி பெருமளவு போய்விட்டது. எனவே ‘பலன் இல்லை’ என்ற அறிவிப்பு அடிக்கடி வருவதைப் பார்த்து ஆராய்ச்சி தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம், நேர்மை கூடியதன் அடையாளம் அது.

மருத்துவர்கள் பின்பற்றும் வழிகாட்டு நெறிகளையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்தில் இரண்டு குறிகள் இருக்கும். ஒன்று பரிந்துரை எவ்வளவு உறுதியானது என்பது: 1 என்றால் செய்யுங்கள், 2 என்றால் செய்யலாம், 3 என்றால் பலனில்லை அல்லது செய்யாதீர்கள். இன்னொன்று அதற்குப் பின்னால் உள்ள ஆதாரத்தின் தரம்: ஏ, பி, சி. உயர்தர ஆதாரமான ஏ வகை, 2019இல் எண்ணிப் பார்த்தபோது, அமெரிக்க இதயவியல் நெறிகளில் 8.5 சதவீதப் பரிந்துரைகளுக்கு மட்டுமே இருந்தது. ஐரோப்பிய நெறிகளில் 14.2 சதவீதம். மீதி எல்லாம் தவறு என்பதல்ல. பெரிய குலுக்கல் ஆய்வுகள் பல இன்னும் நடக்காத இடத்தில், கிடைத்ததை வைத்து அனுபவசாலிகள் எடுத்த முடிவுகள் அவை. புதிய ஆய்வு வரும்போது அசைவது பெரும்பாலும் அங்கேதான்.

புதிய ஆய்வுச் செய்தி வந்தால் எதைத் தேடுவது

பெரிய அறிவிப்புகள் ஆண்டில் மூன்று பருவங்களில் குவியும்: அமெரிக்க இதயவியல் கல்லூரியின் மாநாடு மார்ச், ஏப்ரல் வாக்கில், ஐரோப்பிய மாநாடு ஆகஸ்ட் கடைசியில், அமெரிக்க இதயச் சங்கத்தின் மாநாடு நவம்பரில். அப்போது வரும் செய்திகளைப் படிக்கும்போது:

1. முழுக் கட்டுரையாக வெளிவந்ததா, மாநாட்டுச் சுருக்கம் மட்டுமா?
2. குலுக்கல் உண்டா?
3. சேர்க்கப்பட்டவர்கள் உங்களைப் போன்றவர்களா? வயது, ஈ.எஃப்., சர்க்கரை நோய், ஏற்கனவே மாரடைப்பு வந்ததா இல்லையா.
4. எண்ணியது மரணமும் மாரடைப்புமா, பரிசோதனை அளவா? கட்டாக எண்ணியிருந்தால் கட்டுக்குள் எது குறைந்தது?
5. நூற்றுக்கு எத்தனை பேர் என்ற நேரடி எண் என்ன? தீங்கின் எண்ணும் அதே முறையில் கொடுக்கப்பட்டிருக்கிறதா?
6. இதே கேள்விக்கு முன்பு வந்த ஆய்வுகள் என்ன சொல்லின?

யார் பணம் கொடுத்தார்கள் என்பதையும் பார்க்கலாம், ஆனால் மருந்து நிறுவனம் பணம் கொடுத்தது என்பதாலேயே ஒரு ஆய்வை ஒதுக்கிவிட முடியாது. டோர்செட்ராபிப் கொல்கிறது என்று காட்டியதும் நிறுவனம் நடத்திய ஆய்வுதான்.

ஏற்கனவே மாத்திரை எடுப்பவர்கள்

புதிதாகத் தொடங்காமல் இருப்பதும், எடுத்துக்கொண்டிருப்பதை நிறுத்துவதும் ஒன்றல்ல. ரீபூட் போன்றவை முதல் கேள்வியைக் கேட்டன. இரண்டாவதை 2024இல் பிரான்சிலிருந்து வந்த அபிஸ் ஆய்வு கேட்டது. மாரடைப்பு வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆன, ஈ.எஃப். 40 அல்லது அதற்கு மேல் உள்ள 3,698 பேர். நிறுத்தியவர்களில் 23.8 சதவீதத்தினருக்கும் தொடர்ந்தவர்களில் 21.1 சதவீதத்தினருக்கும் ஏதோ ஒரு நிகழ்வு நேர்ந்தது. அதில் பெரும்பங்கு இதயக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்ந்தது, மரணம் அல்ல. நிறுத்துவது தொடர்வதற்குச் சமம் என்று அந்த ஆய்வால் நிறுவ முடியவில்லை. நிறுத்தியவர்களின் வாழ்க்கைத் தரமும் முன்னேறவில்லை.

ஒருவர் இந்த மாத்திரையை எடுப்பதற்கு மாரடைப்பு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. ரத்த அழுத்தம், நெஞ்சுவலி, படபடப்பு, இதயச் செயலிழப்பு என்று வேறு காரணத்துக்காகவும் அதே மாத்திரை எழுதப்பட்டிருக்கும். மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: எதற்காக எனக்கு இது, கடைசி எக்கோவில் என் ஈ.எஃப். எவ்வளவு, அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா?

நிறுத்தலாம் என்று மருத்துவரே முடிவு செய்தாலும் ஒரே நாளில் நிறுத்த மாட்டார். மாத்திரையால் பல மாதங்கள் தூண்டுதல் அடைபட்டிருந்த இதயம் அட்ரினலினுக்கு வழக்கத்தைவிடக் கூர்மையாகப் பதில் சொல்லப் பழகியிருக்கும். மாத்திரை சட்டென்று நின்றால் துடிப்பு எகிறும், நெஞ்சுவலி திரும்பும், மாரடைப்புகூட வந்ததுண்டு. அதனால் அளவை ஒன்று முதல் இரண்டு வாரங்களில், தேவைப்பட்டால் அதைவிட மெதுவாக, படிப்படியாகக் குறைப்பார்கள். அந்த நாள்களில் கடுமையான உடல் உழைப்பைத் தவிர்க்கச் சொல்வார்கள், நெஞ்சில் இறுக்கமோ படபடப்போ வந்தால் உடனே தெரிவிக்கச் சொல்வார்கள்.